கத்திக்கு முன்னால் இருந்த தகடு

கல்யாணமாகி வேலூருக்கு வந்த புதிதில் ஓர் அச்சாபீசில் காகிதம் மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஆம்பூர் தோல் மண்டிக்காரர்களுக்கு வேண்டிய கனமான கணக்குப் புத்தகங்கள் அங்கேதான் தயாராயின. முதுகுக்கு ஒட்டுவதும் அவர்கள் பதனிட்ட ஆட்டுத்தோல்தான். மழைக்காலத்தில் பசையும் தோலும் சேர்ந்து அடிக்கிற நாற்றம், வீட்டுக்கு வந்த பிறகும் முந்தானையை விட்டுப் போகாது.

என் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் தைத்தவளை அண்ணி என்று கூப்பிடுவேன். உறவில்லை, ஒரே தெரு, ஞாயிற்றுக்கிழமை ஒரே கோயில். அவள் புருஷன், எனக்கு அண்ணன், புத்தக ஓரங்களைச் சீவும் கட்டிங் மெஷினை ஓட்டினார். அதிகம் பேசாத மனிதர். யாராவது கடுமையாகப் பேசினால்கூட, பேசியவருக்காக இவர் சங்கடப்படுவார்.

அந்த மெஷின் ஆயில் எஞ்சினில் ஓடியது. கை உள்ளே போகாதபடி கத்திக்கு முன்னால் ஓர் இரும்புத் தகடு உண்டு. கனத்த புத்தகங்களை வைத்தால் தகடு இடித்தது. ஆம்பூர் ஆர்டர் தாமதமாகிறதென்று முதலாளி ஒரு நாள் காலையில் வந்து நின்றார்.

"அத்த கழட்டி ஓரமா வைப்பா. வேல ஆவட்டும்."

அண்ணன் கழற்றி வைத்தார். அன்று மதியத்துக்குள் அவருடைய இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன. அவர் அலறவில்லை. "எஞ்சின நிறுத்துங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே உட்கார்ந்தார். அண்ணி தைத்துக்கொண்டிருந்ததைப் போட்டுவிட்டு ஓடி, பைண்டிங் துணியைக் கையில் சுற்றினாள். ஜட்கா வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் அவர் அண்ணியைத்தான் தேற்றிக்கொண்டு வந்தார்.

வேலையில் அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தர வேண்டும் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. அதற்காக எங்கள் முதலாளி மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் இன்ஷூரன்ஸ் கட்டியிருந்தார். ஆனால் தகட்டை எடுக்கச் சொன்னது அவர்தான் என்று தெரிந்தால் கம்பெனி கைவிரித்துவிடும். அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய், "நீயே கழட்டினதா சொல்லிடுப்பா" என்று அண்ணனைக் கெஞ்சியிருக்கிறார். அப்படிச் சொன்னால் அண்ணனுக்கு ஒன்றுமே கிடைக்காது என்பது முதலாளிக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அண்ணன் கட்டுப்போட்ட கையோடு வீடு திரும்பிய பிறகு, கம்பெனி ஆள் காட்பாடியில் ரயிலிறங்கி வந்தார். எங்களையெல்லாம் மெஷினருகே நிற்கவைத்து விசாரித்தார்.

"தகட்டை யார் எடுத்தது?"

"நான்தாங்க" என்றார் அண்ணன்.

"யாரையும் கேட்காமலா?"

"ஆமாங்க."

"அப்படியானால் சட்டப்படி உனக்கு நஷ்டஈடு கிடையாதப்பா. தெரிந்துதான் சொல்கிறாயா?"

அண்ணிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா சொல்ற நீ? வெரலும் போயி, பழியும் உனக்கா? ஐயா, இவரு பொய் சொல்றாருங்க. மொதலாளிதான் கழட்டச் சொன்னாரு. என் காதால கேட்டேன்."

கம்பெனி ஆள் என்னைப் பார்த்தார். வேலை போய்விட்டால் என் வீட்டிலும் அடுப்பு எரிவது கஷ்டம். ஆனாலும், "நானும் கேட்டேங்க" என்று சொன்னேன்.

எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம். அவர் எங்களைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ அண்ணனின் கட்டுப்போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "அதுங்க சொல்றது நெசந்தான். நான்தான் கழட்டச் சொன்னேன்" என்றார்.

எதிர்பார்த்தபடியே கம்பெனி பணம் தர மறுத்துவிட்டது. ஆனாலும் முதலாளி நஷ்டஈடு கட்டியாக வேண்டும் என்று சர்க்கார் அதிகாரி உத்தரவு போட்டார். இருந்த இரண்டு அச்சு மெஷின்களில் புதியதைக் குடியாத்தத்துக்காரர் ஒருவருக்கு விற்றுத்தான் முதலாளி பணம் கட்டினார். எங்கள் இருவர் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. சில மாதங்கள் அவர் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, அவ்வளவுதான்.

அண்ணனும் திரும்பி வந்தார். கட்டிங் மெஷினுக்குப் போகவில்லை. அட்டை ஒட்டும் மேஜையில், இடது உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து வலது கையால் பசை தடவப் பழகிக்கொண்டார். புதிதாக வந்தவர் தகடு இல்லாமல் மெஷினைத் தொடமாட்டேன் என்று சொல்லித்தான் வேலையில் சேர்ந்தார். கனத்த புத்தகங்களை அதன் பிறகு கையாலேயே சீவினோம். தாமதமானால் ஆனதுதான்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் அண்ணனிடம் கேட்டேன். "அன்னிக்கு ஏண்ணா அப்படிச் சொன்னீங்க? பயமா?"

"பயம் இல்லம்மா. மொதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து என் கையப் புடிச்சிக்கினு அழுதாரு. பாவமா இருந்திச்சி."

அண்ணி தூக்குச் சட்டியிலிருந்து குழம்பை அவர் சோற்றில் ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "இவருக்குப் பாவம் பாக்கத் தெரியும். அதுல இவரையும் கொஞ்சம் சேத்துக்கத்தான் தெரியாது."

அண்ணன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டார்.