மஞ்சள் தொட்ட பிரசவ பில்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவர்களைப் பற்றி எழுத, கூடப்பிறந்தவள் என்பதைவிட அவர்களிடம் வேலை பார்த்தவள் என்ற உரிமையே எனக்கு அதிகம்.

அண்ணன் பிறந்தது வீரகேரளம்புதூரில். அப்பா சீக்கிரமே காலமானதால் எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தி, தென்காசியில் ஒரு டாக்டரிடம் வேலைக்கு வந்தார்கள். வைத்தியம் பார்த்த கையை நீட்டிக் காசு கேட்க அந்த டாக்டருக்குக் கூச்சம். "நீரே பில் எழுதி அனுப்பிரும்" என்றார். டாக்டர்களுக்காகப் பில் எழுதி வசூலித்துக் கமிஷன் வாங்கும் எங்கள் பில் ஆபீஸ் அப்படித் தொடங்கியதுதான். ஐம்பதுகளின் நடுவில் தென்காசியில் இருவர், குற்றாலத்தில் ஒருவர் என மூன்று டாக்டர்களுக்கு எழுதினோம். கணவரை இழந்து வந்து நின்ற என்னை அண்ணன் அடுக்களைக்கு அனுப்பவில்லை. தன் மேசைக்கு எதிரே நாற்காலி போட்டார்கள். அடுக்களையில் ஓர் ஆள் குறைந்ததே என்று அண்ணிக்குத்தான் வருத்தம்!

சாரல் காலத்தில், அருவிப் பாறையில் வழுக்கி விழுந்து கட்டுப் போட்டுக்கொண்டவர்கள் ரயிலேறுமுன் பில் போய்ச் சேரவேண்டும். அண்ணன் நனைந்தபடி சைக்கிளில் பறப்பார்கள். ஒருமுறை காசில்லாத ஒருவர் கொடுத்த பலாப்பழத்தோடு திரும்பினார்கள். "கமிஷனுக்கு ரெண்டு சுளை எடுத்துக்கிடும்" என்றார் டாக்டர்.

"ஏட்டி, பில்லுங்கது மிரட்டுத காயிதம் இல்ல. சொகமாயிட்டீங்களான்னு கேக்குத காயிதம்" என்பார்கள் அண்ணன். பிரசவ பில் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டுத்தான் அனுப்புவார்கள்.

இலஞ்சியில் ஒரு வீட்டில் பிறந்த குழந்தை பதினோராம் நாள் இறந்துவிட்டது. அந்த வீட்டுப் பிரசவ பில்லை அனுப்ப வேண்டாமென்று, எங்கள் முதல் டாக்டரின் கம்பவுண்டர் என்னிடம்தான் சொன்னார். நான் மறந்து, மற்றவற்றோடு சேர்த்துத் தபாலில் போட்டுவிட்டேன். குழந்தையின் தகப்பனார் அதை டாக்டர் மேசையில் எறிந்துவிட்டுப் போனார். டாக்டர் அண்ணனைக் கூப்பிட்டு பில்லைக் கையில் கொடுத்து, இனி வரவேண்டாம் என்றுவிட்டார். அவர் கைவிட்டால் மற்ற இரு டாக்டர்களும் கைவிடுவார்கள். எங்கள் மூன்று பேர் சோறும் அதில்தான்.

"நான்தான் போட்டேன்னு சொல்லிருங்கண்ணே" என்று அழுதேன்.

"சொன்னா, பொம்பளைய உக்கார வச்சா இப்படித்தான்னு உன்னைய எழுப்பி விட்ருவாவ. பேசாம வா" என்று இலஞ்சிக்கு அழைத்துப் போனார்கள்.

அந்த வீட்டு முற்றத்தில் நின்று, "எழுதினதும் நான்தான், போட்டதும் நான்தான். அடிச்சாலும் வாங்கிக்கிடுதேன்" என்றார்கள் அண்ணன். தகப்பனார் முகம் கொடுக்கவில்லை. குழந்தையைப் பெற்ற தாய் உள்ளிருந்து வந்து, அண்ணன் கையிலிருந்த பில்லை வாங்கிப் பார்த்தார்.

"எம் பிள்ள பொறந்ததுக்குன்னு மஞ்ச வச்சு வந்த காயிதம் இது ஒண்ணுதான் அண்ணாச்சி. இத நான் வச்சிக்கிடுதேன்."

மறுநாள் தகப்பனாரே டாக்டரிடம் போய்ப் பேசினார். ஆபீஸ் பிழைத்தது. என் நாற்காலியும் பிழைத்தது. அண்ணன் இதை அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

கடைசி மாதம் நெஞ்சுவலியில் படுத்தபோதும், நான் கொண்டுபோன பில்களைத் திருத்தித்தான் கொடுத்தார்கள். முறைவைத்து வந்து பார்த்த மூன்று டாக்டர்களுக்கும், இரவுபகல் பாராமல் கண்விழித்த கம்பவுண்டருக்கும், தோள்கொடுத்துச் சுமந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இலஞ்சித் தாயும் காரியத்துக்கு வந்து, என் கையைப் பிடித்து அழுதார்கள். அன்றும் உண்மையை மறைத்தேன். இந்த மலர் அவர்களுக்கும் போகும். அம்மா, அந்தப் பில்லைப் போட்டது அண்ணன் இல்லை, நான். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.