ஒற்றைக்கால் சோதனை

ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் பேராசிரியை ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு புதன்கிழமை, மழை விட்டிருந்த காலையில். காரில் ஏறியவர் கண்ணாடியை இறக்கி, "கணக்கு ஒத்துவந்தா கையெழுத்து போட்டுடறேன்மா. பட்டம் உனக்குத்தான்" என்றார். விளையாட்டு டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை.

தெருவில் அவளுக்கு 'விசில்' என்று பெயர். சமைக்கும்போதும் அதைக் கழுத்திலிருந்து கழற்றமாட்டாள். பிள்ளைகளின் உடல்திறனை அளக்கும் சோதனை ஒன்று சரிதானா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. தாவுவது, ஓடுவது, பந்தெறிவது, கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்பது. இதில் தேறும் பிள்ளைகளுக்கே விளையாட்டு வகுப்பில் இடம். சோதனையில் முந்துகிற பிள்ளை மைதானத்திலும் முந்தவேண்டும். இல்லாவிட்டால் அளவுகோலே பொய்.

மூன்று ஒத்துப்போயின. நாலாவது காலை வாரிவிட்டது. மதில்மேல் அநாயாசமாக நடக்கிற 'பூனை' என்ற சிறுமி, சோதனையில் சட்டென்று காலை ஊன்றிவிட்டாள். ஓடினால் தன் காலே தடுக்கி விழுகிற 'வால்' பயலோ கொக்குபோல் நின்றான்.

"எப்படிடா இப்படி நிக்கிற?"

"பழக்கம் மிஸ். கணக்கு சார் தினமும் நிக்க வைக்கிறாரே!"

வரிசை முழுக்கச் சிரித்தது. பூனை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு வெக்கமா இருக்கு மிஸ். நான்தான் எந்தத் தப்பும் பண்ணலியே."

டீச்சருக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது. இத்தனை நாளும் அவள் அளந்தது சமநிலையை அல்ல, வாங்கிய தண்டனையை.

"அந்த ஒண்ண கண்டுக்காம அனுப்பிட்டா என்ன?" தட்டைக் கழுவியபடி கணவன் கேட்டான்.

"அப்புறம் பூனை முகத்துல எப்படிங்க முழிக்கிறது?"

"அப்ப பட்டம்?"

"காத்து வரும்போது விட்டுக்கலாம்."

நடந்ததை ஒளிக்காமல் பேராசிரியைக்கு எழுதினாள். "மறுபடி முதல்லேர்ந்தா?" என்று மட்டும் பதில் வந்தது. முதலிலிருந்துதான். தரையில் ஒரு நீளக் கட்டையைப் போட்டு, கையில் பந்தோடு அதன்மேல் நடக்கச் சொன்னாள். பூனை தெருவில் நடப்பதுபோல் நடந்துபோனாள். வால் பொத்தென்று விழுந்து, எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். பூனைக்கு இடம் கிடைத்தது. பட்டம் ஒரு வருஷம் தள்ளித்தான் வந்தது.

வெகுகாலம் கழித்து, மைதானத்தில் நின்றிருந்தபோது கைப்பேசியில் பேராசிரியையின் செய்தி வந்தது:

"புது ஸ்கூல் ஒண்ணுக்கு சோதனை நடத்த வந்திருக்கேன். முதல்ல, 'இங்க பசங்களுக்கு என்ன தண்டனை குடுப்பீங்க?'ன்னு கேட்டேன். எல்லாரும் திருதிருன்னு முழிச்சாங்க. இப்படிக் கேக்கணும்னு என் மாணவிதான் கத்துக்குடுத்தான்னு சொன்னேன்."