பிறந்த வீட்டுக் கோடி

லாக்டவுன் காலத்தைப் பற்றி யாராவது சந்தோஷமாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டோம், காற்று சுத்தமாக இருந்தது, மயில் வாசல்வரை வந்தது என்பார்கள். எங்கள் தோட்டத்துக்கு மயில் எப்போதும் வரும். விதைத்த நிலக்கடலையைக் கிளறித் தின்றுவிட்டுப் போகும். அதைப் பார்த்துப் பூரித்துப்போக எனக்கு எந்த ஊரடங்கும் தேவைப்பட்டதில்லை.

என் வீடு கேரளத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. என் ஒரே தங்கையைக் கட்டிக்கொடுத்தது தமிழ்நாட்டில். கேட்பதற்கு ஏதோ தூரதேசம் போல இருக்கும். பைக்கை எடுத்தால் வாயில் போட்ட வெற்றிலை சிவப்பதற்குள் அவள் வாசல் வந்துவிடும். நடுவில் ஒரு தார் ரோடு, இரண்டு தென்னந்தோப்பு, கோடையில் வற்றிக் கிடக்கும் ஒரு ஓடை. எல்லை எந்த இடத்தில் இருக்கிறது என்று எங்களில் யாரும் யோசித்ததில்லை. எங்களுக்கு ரேஷன் இந்தப் பக்கம், நகைக்கடை பொள்ளாச்சியில், பெரிய ஆஸ்பத்திரி கோயம்புத்தூரில், ஓட்டு பாலக்காட்டுச் சித்தூரில். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும்தான்.

அந்தக் கோடையில் ஒரு நாள் காலை ஜேசிபி வந்து அந்த ரோட்டின் குறுக்கே மண்ணைக் கொட்டியது. ஆள் உயரத்துக்குக் கொட்டி, மேலே வேலிமுள்ளை வெட்டிப் போட்டார்கள். முதல் இரண்டு நாள் வேடிக்கை பார்க்கக் கூட்டம் வந்தது. கூட்டம் கூடக்கூடாது என்பதற்காகக் கொட்டிய மண்ணைப் பார்க்கத்தான் அந்தக் கூட்டம். பிறகு ஒரு பந்தல் போட்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, போலீஸ்காரர் ஒருவரை உட்கார வைத்தார்கள்.

வெளியே போவதென்றால் எங்கே, எதற்கு, எப்போது திரும்புவேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் கையில் இருக்கவேண்டும். மலையாளத்தில் அதற்குச் சத்யவாங்மூலம் என்று பெயர். பெயருக்கேற்றபடி புண்ணாக்கு வாங்கப் போகச் சத்தியம், பிரஷர் மாத்திரை வாங்கப் போகச் சத்தியம். என் கல்யாணத்தன்றுகூட நான் இத்தனை சத்தியம் செய்யவில்லை. வீட்டிலும் நிம்மதி கிடையாது. தக்காளி எடுக்க வண்டி வராமல் செடியிலேயே பழுத்து அழுகி, தோட்டம் முழுக்கப் புளித்த நாற்றம் அடித்தது. பால் சொசைட்டியில் காலைப் பாலை மட்டும் எடுத்தார்கள். மாலைப் பால் எல்லாம் மோராகி, நாங்கள் அதைக் குடித்துக் குடித்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காமல் இருந்தோம். என் மனைவி ஒரு நாள் கறிவேப்பிலையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். ரசம் நுரைத்தது. அதைச் சொன்னதற்கு மாலைவரை பேசவில்லை.

இத்தனைக்கும் நடுவில் ஒன்று மட்டும் தடையில்லாமல் எல்லை தாண்டியது. கள். கடைகளை மூடிவிட்டார்கள், ஆனால் தென்னைக்கு ஊரடங்கு கிடையாதே. அந்தப் பக்கத்து ஆட்கள் ஓடை வழியாக வந்து, தோப்புக்குள் உட்கார்ந்து குடித்துவிட்டு, பாட்டிலிலும் நிரப்பிக்கொண்டு போனார்கள். குடித்து முடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு மாஸ்க்கை ஒழுங்காக மேலே இழுத்துவிட்டுக்கொள்வார்கள். என் வரப்பில் நின்று இதைப் பல நாள் பார்த்திருக்கிறேன். அப்போது சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

கள் மட்டும் கேரளத்திலிருந்து வரலாம், மனிதர்கள் வரக்கூடாது என்பதுதான் அந்தப் பக்கத்து ஊர்களின் நினைப்பு. நோய் முதலில் வந்தது எங்கள் பக்கம் என்று டிவியில் சொல்லிவிட்டார்கள் அல்லவா. நேற்றுவரை பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எங்களை ‘கேரளாக்காரங்க’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தங்கையே போனில் சிரித்துக்கொண்டு இதைச் சொன்னாள். தினமும் சாயங்காலம் போன் செய்வாள். இங்கே என்ன குழம்பு, மாடு சினைக்கு நின்றதா, அண்ணி கோபம் தணிந்ததா என்று கேட்பாள். வேறு பேச இருவருக்கும் ஒன்றும் இருக்காது. இருந்தாலும் அந்த நேரத்துக்கு நான் வேறு வேலை வைத்துக்கொள்ளமாட்டேன்.

அவள் வீட்டுக்காரர், எங்கள் மாப்பிள்ளை, ஒரு நாள் காலையில் பால் கறந்துகொண்டிருக்கும்போதே மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கொரோனா இல்லை, மாரடைப்பு. இதை இன்றைக்கும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, அந்த வருஷம் செத்தவர்கள் எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். செய்தி வந்தபோது நான் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். போனில் தங்கை ‘அண்ணா’ என்றாள். யாரோ போனை வாங்கி விஷயத்தைச் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று உண்டு. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு கோடிச் சேலை, அதாவது உடுத்தாத புதுச்சேலை, போக வேண்டும். அண்ணனோ தம்பியோ அதைக் கொண்டுபோய் அவள்மேல் போர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் பாடை கிளம்பும். இனிமேல் உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று ஊர் பார்க்கச் சொல்லும் வார்த்தை அந்தச் சேலைதான். எங்கள் அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது நான் ஒருவன்.

துணிக்கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. கடைக்காரரின் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. கெஞ்சிக் கூத்தாடி, பின்பக்கக் கதவைத் திறக்கவைத்து, டார்ச் வெளிச்சத்தில் ஒரு சேலை எடுத்தேன். வெள்ளை வேண்டாம், சின்ன வயசு என்று என் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். இளம் பச்சை எடுத்தேன். தங்கைக்குப் பச்சை பிடிக்கும். கோடி எடுக்கும்போது பிடித்த நிறம் பார்க்கலாமா என்றெல்லாம் எனக்குத் தெரியாது.

மண்மேட்டு வழியாக விடமாட்டார்கள் என்று தெரியும். பாஸ் வாங்க வேண்டுமென்றால் அது கையில் வருவதற்குள் மூன்றாம் நாள் காரியமே முடிந்துவிடும். ஓடை வழி இருக்கிறதே, கள் குடிக்கிறவன் போகிற வழியில் நான் போகக்கூடாதா என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் இறங்கிவிட்டேன். ஓடைக்கரையில் கால் வைக்கும்போது போன் வந்தது. மாப்பிள்ளையின் அண்ணன்.

“மச்சான், ஓடை வழியா வந்துராதீங்க. கேரளாவுல இருந்து ஆளு வந்துதுன்னு தெரிஞ்சா ஹெல்த்காரங்க ஊட்டுக்குத் தகரம் அடிச்சுருவாங்க. பாடை தூக்க ஒருத்தரும் நிக்கமாட்டாங்க. நீங்க மண்ணுகிட்ட வந்து சேலையக் குடுங்க, நான் வாங்கிக்கறேன். தப்பா நெனைக்காதீங்க.”

அம்மிணியிடம், அதாவது தங்கையிடம், ஒரு வார்த்தை பேச வேண்டும் என்றேன். அவள் பேசுகிற நிலைமையில் இல்லை என்றார். செத்த வீட்டில் பாடை தூக்க ஆள் இல்லாமல் போகும் என்று ஒரு மனிதன் சொன்ன பிறகு ஓடையை எப்படித் தாண்டுவது? திரும்பி நடந்தேன்.

மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றார். பையை மேட்டின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று கையைக் காட்டினார். வைத்தேன், தள்ளி நின்றேன். கையில் பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு அவர் பையை எடுத்தார். பெண் எடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் தட்டிலிருந்த முறுக்கை எடுத்துத் தின்ற மனிதர் அவர். போலீஸ்காரர் நாற்காலியில் இருந்தபடியே எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணியமான மனிதர்தான், எழுந்து நின்று தொப்பியைக் கழற்றினார்.

பிறகு வீடியோ காலில் காட்டுகிறோம் என்றார்கள். அங்கேயே ஒரு வேப்பமரத்தடியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் நிற்பதும் ஓடுவதுமாக இருந்தது. என் தங்கை கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மாஸ்க் போட்ட ஒருவர் முன்னால் வந்து சேலையை விரித்து அவள்மேல் போர்த்தினார். சேலை பச்சையாக இல்லை. அரக்கு நிறத்தில் இருந்தது. படம் அப்படியே நின்றுவிட்டது. அந்த மனிதரின் முதுகு, என் தங்கையின் குனிந்த தலை. வெகுநேரம் அது நகரவே இல்லை.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். எங்கள் சாதியில் ஒரே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் எல்லாம் அண்ணன் தங்கை முறை. ரத்தச் சம்பந்தம் இருக்கவேண்டும் என்பதில்லை, குலம் ஒன்றாக இருந்தால் போதும். அந்த ஊரில் உரக்கடை வைத்திருப்பவர் எங்கள் கூட்டம். ஆகவே அவரை அண்ணனாக நிறுத்திவிட்டார்கள். அவர் தன் மனைவிக்கு வாங்கி வைத்திருந்த புதுச்சேலையைக் கொண்டுவந்தார். நான் கொடுத்ததைக் கிருமி சாகட்டும் என்று மாட்டுக்கொட்டகை ஓட்டின்மேல் வெயிலில் விரித்துப் போட்டிருந்தார்களாம். அதற்குள் நேரமாகிவிட்டது.

நான் அந்த மரத்தடியில் உட்கார்ந்து அழுதேன். போலீஸ்காரர் வந்து, வீட்டுக்குப் போங்கள் சேட்டா என்று மலையாளத்தில் சொன்னார். கூடவே, மூக்குக்குக் கீழே இறங்கிவிட்ட மாஸ்க்கை ஏற்றிவிடச் சொன்னார்.

மண்ணை எடுத்த பிறகு முதல் ஆளாகப் போனேன். தங்கை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மாட்டைப் பற்றிப் பேசினாள். ஏன் வரவில்லை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். உன் வீட்டுக்காரரின் அண்ணன்தான் என்னைத் தடுத்தார் என்று சொல்லிவிட்டு நான் பைக் ஏறி வந்துவிடலாம். அவள் அதே வீட்டில், அதே மனிதர் நிழலில், தன் மகளை வைத்துக்கொண்டு இருக்கவேண்டும். அதனால் விழுங்கிக்கொண்டேன். ஆனால் அந்த ஆளை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எங்கே பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் வீட்டுக் கிணறு வற்றியபோது, வாய்விட்டுச் சொல்வதற்கென்ன, எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

உரக்கடைக்காரரைத் திட்டக்கூட வழியில்லை. அவ்வளவு நல்ல மனிதராக இருந்து தொலைத்தார். ஒரு நாள் நின்றுவிட்டுப் போயிருக்கலாம். அண்ணனாகவே இருந்தார். தீபாவளிக்குத் துணி எடுத்துக்கொடுத்தார், மோட்டார் எரிந்தால் ஆள் கூட்டிவந்தார், தங்கை மகளின் காலேஜ் சீட்டுக்கு அலைந்தார். தங்கை அவரைப் பெரியண்ணா என்றாள். சாயங்கால போன் வாரத்துக்கு ஒன்றாகியது. பிறகு ஏதாவது விசேஷம் என்றால் மட்டும் வந்தது.

போன வருஷம் தங்கை மகளுக்குக் கல்யாணம். எங்கள் கல்யாணங்களில் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன் உரிமை. மண்டபத்தில் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். கோடி போட்டவர் யாரோ அவர்தான் பிறந்த வீடு, அவர் கட்டுவதுதான் முறை என்று ஒருவர் சொன்னார். இப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் உண்டாக்கினார்களோ என்னவோ. உரக்கடைக்காரர் கூச்சப்பட்டு என் பக்கம் கையைக் காட்டினார். எல்லோரும் தங்கையைப் பார்த்தார்கள். அவள், பெரியவர்கள் சொல்கிறபடி ஆகட்டும் என்றாள். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள் என்றார்கள் என்னிடம். நின்றேன். போட்டோவில் இருக்கிறேன்.

பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, சமையல்கட்டுக்குப் பின்னால் தங்கை தனியாக நின்றிருந்தாள். அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். ஓடையில் கால் வைத்ததையும், போன் வந்ததையும், உன் வீட்டுக்காரரின் அண்ணன் தடுத்திருக்காவிட்டால் நான் வந்திருப்பேன் என்பதையும் சொன்னேன். இத்தனை வருஷமாக உனக்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அழவில்லை. முந்தானையால் என் சட்டையில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தட்டிவிட்டாள்.

“அவரு பாவமுங்கண்ணா. நாந்தான் அவரைப் போன் பண்ணி வர வேண்டாம்னு சொல்லச் சொன்னேன். பொணத்தை எடுக்க ஆளு வரமாட்டாங்கன்னு எல்லாரும் என்ற மூஞ்சியப் பாத்துட்டு நின்னாங்க. வேற என்ன பண்றது?”

அவள் மண்டபத்துக்குள் போகத் திரும்பினாள். வாசற்படியில் நின்றாள்.

“ஆனா, வேண்டாம்னு சொன்னாலும் நீங்க வந்துருவீங்கன்னு நெனச்சேனுங்கண்ணா. பாடை தெரு தாண்டற வரைக்கும் வாசலையேதான் பாத்துட்டு இருந்தேன்.”