நான் நீக்கிய சென்சார்

சூரியனுக்குள் நடப்பதுபோல அணுக்களை இணைத்து மின்சாரம் எடுக்க முயலும் ஆய்வகம் அது. குளத்தூரில் வீட்டிலிருந்தபடியே அதன் தரவுகளை அலசுவது என் வேலை. இயந்திரத்துக்குள் கொதிக்கும் பிளாஸ்மா நிலைகுலையப் போகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கும் கணினி மாடலை நான்தான் எழுதினேன்.

இயந்திரத்திலிருந்த ஒரு சென்சாரின் அளவு மட்டும் அடிக்கடி எகிறியது. பழுது என்று நானே முடிவுகட்டி, யாரையும் கேட்காமல் மாடலிலிருந்து அதன் எண்களை நீக்கினேன். வரைபடம் அழகாகிவிட்டது. பாராட்டினார்கள்.

அடுத்த வாரம் எச்சரிக்கை வரவேயில்லை. பிளாஸ்மா மோதி உள்சுவரின் தகடுகள் உருகின. அன்று இயந்திரத்தை இயக்கியவர் அறந்தாங்கிக்காரரான சலீமா அக்கா. மதியம் போன் செய்தார்.

"தம்பி, நான் எதையும் பாக்காம விட்டுட்டேனா? அந்த எகிறுற சென்சார் ஏதாச்சும் காட்டுச்சா?"

நீக்கிய எண்கள் என் திரையில்தான் இருந்தன. விபத்துக்கு முன்பே அது எகிறியிருந்தது.

"இல்லக்கா."

"சரிப்பா. அப்ப ஏங் கவனக்கொறவுதான். நீ மனசப் போட்டு ஒழப்பிக்காத."

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எழுந்துபோய்ச் சாப்பிட்டேன். ரசத்தில் உப்பே போடவில்லை என்று மனைவி சொல்லித்தான் தெரிந்தது.

அக்காவைக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து உதிரிபாக ஸ்டோருக்கு மாற்றினார்கள். நான் அந்தச் சென்சாரைச் சத்தமில்லாமல் திரும்பச் சேர்த்தேன். இப்போது எச்சரிக்கை தப்புவதில்லை. மறுபடியும் பாராட்டினார்கள். முதலில் போன் செய்து வாழ்த்தியவர் சலீமா அக்காதான்.

"சந்தோசம்க்கா" என்றேன்.

இதை உங்களுக்கு எழுதுவதுகூட, அவரிடம் சொல்லாமலிருக்கத்தான்.