தெய்வானை அக்காவின் குட்டைத் துப்பாக்கி

செய்தி வந்தபோது நான் நியூ ஜெர்சி மான்மவுத் ஜங்ஷன் வீட்டுச் சமையலறையில் மகளின் லஞ்ச் டப்பாவுக்குத் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தேன். டெக்சஸிலிருந்து தெய்வானை அக்காவின் கணவர் பழனிசாமி அண்ணன் அழைத்தார். போனில் அவர் பேசினால் அடுத்த அறைக்கே கேட்கும். அன்று மூச்சு மட்டும்தான் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. "உங்க அக்கா போயிட்டா அம்மிணி" என்றார். சோறு ஒட்டிய கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகள் ஸ்கூல் பஸ்ஸைத் தவறவிட்டாள். அன்று எங்கள் வீட்டில் யாரும் எங்கும் போகவில்லை.

தெய்வானை அக்காவை அறிந்தவர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. அறியாதவர்களுக்காக எழுதுகிறேன். தாராபுரம் பக்கத்துக்காரர். கோவையில் படித்தவர். டல்லாஸுக்கு வடக்கே ஆலன் ஊரில், அப்போது அங்கிருந்த எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார். ஓர் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. ஆள் குள்ளம், என் தோளுக்குக்கூட வரமாட்டார். ஆனால் அவர் ஒரு அறைக்குள் வந்தால் வந்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். அந்த வாயையும் அடைத்தவர் அவர் ஒருவர்தான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆலனில் நம்மவர்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த காலத்தில், என் வீட்டுக் கொலுவுக்கு முதல்முறை வந்தார். சுண்டல் கை மாறிக்கொண்டிருந்தபோது, நவம்பர் லீவுக்கு என்ன பிளான் என்று யாரோ பொதுவாகக் கேட்டார்கள். ஒருவர் ஃப்ளோரிடா என்றார், ஒருவர் வேகாஸ் என்றார். அக்கா சாதாரணமாக, "நான் மான் வேட்டைக்குப் போறனுங்க" என்றார். கொலுப் படியில் இருந்த பொம்மைகளும் நாங்களும் ஒன்றாகிவிட்டோம். ஒரு பெண்மணி, மானைக் கொல்வது பாவமில்லையா என்று கேட்டார். அந்தப் பெண்மணி வாராவாரம் கடையில் கோழி வாங்குகிறவர் என்பது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். "பாக்கெட்ல வந்தா மட்டும் பாவம் போயிருங்களா?" என்று கேட்டுவிட்டு அக்கா சுண்டலைத் தொடர்ந்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

நானோ சுத்த சைவம். வீட்டில் யாராவது முட்டை வாங்கினால்கூட அது ஃப்ரிட்ஜில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கிற ரகம். இதில் நாங்கள் இருவரும் எப்படி ஒட்டினோம் என்று என் கணவர் இன்றைக்கும் கேட்கிறார். அக்காவிடம் நானே கேட்டேன். "நீ திங்காத அம்மிணி. கூட இரு, அது போதும்" என்றார்.

அவரோடு லேபில் வேலை பார்த்த லிண்டா குடும்பத்துக்குக் கிழக்கு டெக்சஸில் பைன் காடு உண்டு. லிண்டாதான் அவரை முதலில் கூட்டிப்போனவர். லிண்டா கணவரின் நீளத் துப்பாக்கியைக் கடன் வாங்கித்தான் அக்கா சில வருடங்கள் சுட்டார். மான் சீசன் நமக்குக் கார்த்திகை மார்கழியில் வந்து தொலைகிறது. பாதிப்பேர் ஐயப்பனுக்கு மாலை, மீதிப்பேர் விரதம். அதனால் அக்கா கறியை ஃப்ரீசரில் போட்டுவைத்து, மாட்டுப் பொங்கலன்று கராஜைத் திறப்பார். அலுமினியத் தாளை விரித்து, அவர் ஊரில் ஆடு அறுத்தால் செய்வதுபோல, கூறு போடுவார். எலும்பும் ஈரலும் சதையும் எந்த வீட்டுக் கூறிலும் கூடாமல் குறையாமல் இருக்க வேண்டும். பாவம் என்று கேட்ட பெண்மணியும் வருவார். வீட்டுக்காரருக்கு மட்டும் என்று சொல்லிப் பெரிய டப்பாவாக நீட்டுவார். நான் மூக்கைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு, மான் கறிக்கு, ஆட்டுக் கறிக்கு வைக்கிற அத்தனை குக்கர் விசில் வைத்தால் செருப்புத் தோல் ஆகிவிடும் என்று அக்கா சொல்லிக்கொடுத்த பாடத்தை வருகிறவர்களுக்கெல்லாம் ஒப்பிப்பேன். தின்னாதவள் சமையல் குறிப்பு கொடுக்கிறாளே என்று சிரிப்பார்கள்.

ஒரு நவம்பரில் அக்கா வேட்டை முடிந்து திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. நேரே என் சமையலறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அடர்ந்த மரங்களுக்குள் ஒரு பெண்மான் பக்கத்திலேயே வந்திருக்கிறது. துப்பாக்கியின் நீளக் குழாயைத் திருப்பும்போது அது கிளையில் இடித்திருக்கிறது. மான் சத்தம் கேட்டுத் திரும்பியது. அக்கா அவசரப்பட்டுவிட்டார். குண்டு பட வேண்டிய இடத்தில் படவில்லை. மான் ஓடிவிட்டது. பைன் சருகுகளின் மேல் ரத்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே அவரும் லிண்டாவும் இருட்டும்வரை போயிருக்கிறார்கள். ஓர் ஓடைக் கரையில் ரத்தம் நின்றுவிட்டது. மறுநாள் விடிந்ததும் மறுபடி தேடியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை.

"ரத்தம் பாக்கறதுதான் என்ற வேலையே. அந்த ரத்தத்தைப் பாக்க முடியல அம்மிணி" என்று சொல்லி அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். காபி போட்டுக் கொடுத்தேன். அடுத்த சீசனுக்கு அவர் போகவில்லை.

அந்த இடைவெளியில்தான் மார்பில் கட்டி வந்தது. வலப்பக்கம் எடுத்துவிட்டார்கள். பிறகு கீமோ. ஊரார் ரத்தத்தையெல்லாம் பார்த்தவருடைய ரத்தத்தைப் பக்கத்து மேஜையில் லிண்டா பார்த்தார். முடி கொட்டி, மறுபடி சுருள் சுருளாக முளைத்த பிறகு ஒரு சனிக்கிழமை காலை என் வாசலில் வந்து நின்றார். துப்பாக்கிக் கடைக்குப் போக வேண்டும், வண்டியை எடு என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த உடம்போடு துப்பாக்கியா, புடவைக் கடைக்குக் கூப்பிட்டால் ஆகாதா என்று கத்தினேன். பழனிசாமி அண்ணன் ஏற்கெனவே கத்தி ஓய்ந்திருந்தார்.

அக்கா கோபப்படவில்லை. "ஒண்ணைக் குறை உசுரா விட்டுப்போட்டு வந்துட்டேன். இப்படியே நான் போயிட்டா என்ற கடைசிச் சூடு அதுதான? அது கடைசியா இருக்கக் கூடாது. ஒண்ணாவது சரியா சுட்டுப்போட்டு நிறுத்திக்கறேன்" என்றார். சாவியை எடுத்தேன்.

கடைக்காரர் நல்ல மனிதர், மலை மாதிரி உருவம். சல்வார் கமீஸில் இரண்டு பெண்களைப் பார்த்ததும், கணவருக்குப் பரிசா என்று கேட்டார். எனக்குத்தான் என்றார் அக்கா. அவர் நீளமான, தூரக் கண்ணாடி பொருத்திய ஒன்றை எடுத்து வைத்தார். அக்கா அதைத் தொடவே இல்லை. தான் போகிற காட்டில் எங்கள் தெரு அகலத்துக்குமேல் எதுவும் கண்ணுக்குத் தெரியாது என்றும், தூரத்தில் அடிக்கிற துப்பாக்கியால் தனக்குப் பயன் இல்லை என்றும் சொன்னார். குட்டையாக இருக்க வேண்டும், கிளையில் மாட்டக் கூடாது, தோட்டா நேர்ச்சுவர்த் தோட்டாவாக இருக்க வேண்டும் என்றார்.

எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. அக்கா கண்ணாடி மேஜைமேல் இரண்டு தோட்டாக்களை நிறுத்திக் காட்டினார். ஒன்று சோடா பாட்டில் மாதிரி கழுத்தில் சிறுத்திருந்தது. அது வேகமாக, வெகுதூரம் போவதற்கு. இன்னொன்று லிப்ஸ்டிக் குப்பி மாதிரி மேலிருந்து கீழ்வரை ஒரே அகலம். தூரம் போகாது. ஆனால் குண்டு கனம். கிட்டத்தில் பட்டால் மான் அதிக தூரம் ஓடாது. உனக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான் என்றார்.

இடப்பக்கத் தோளில் வைத்துத்தான் இனி அவரால் சுட முடியும். வலப்பக்கம் இருந்த தழும்பு சுடும்போது வரும் உதையைத் தாங்காது. சாதாரணத் துப்பாக்கிகளில் அடுத்த தோட்டாவை ஏற்றும் பிடி வலது கைக்காரர்களுக்காக வலப்பக்கம் இருக்கும். அதனால் அடியில் இருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுக்கிற குட்டை ரகத்தைக் கேட்டார். அதற்கு இடதும் வலதும் ஒன்றுதான். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வைத்தார். கண்ணைத் திறந்து, குறி நேராக இருக்கிறதா என்று பார்த்தார். தோளில் பதியும் மரக்கட்டை நீளமாக இருந்தது. வெட்டிக் குறைக்கச் சொன்னார். அந்த மனிதர் அதற்குள் அக்காவை ஏதோ ராணியைப் பார்ப்பதுபோல் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

கடைசியில் நின்றது ஒரே கேள்வியில். அதே அளவுத் துப்பாக்கி இரண்டு விதத் தோட்டாக்களுக்குக் கிடைத்தது. சிறியது உதைக்காது. பெரியது, ஃபார்ட்டி ஃபோர் என்பார்கள், உதைக்கும். அக்காவின் உடம்பைப் பற்றி நான் கடைக்காரரிடம் என் அரைகுறை இங்கிலீஷில் சொல்லிவிட்டேன். அவர் மிருதுவாக, சிறியதே போதும், கிட்டத்தில் கவனமாகச் சுட்டால் அதுவும் மானை வீழ்த்தும் என்றார். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். கவனமாக என்ற சொல்தான் அக்காவுக்கு இடித்தது என்று நினைக்கிறேன். அன்றைக்கும் கவனமாக இருப்பதாகத்தான் நினைத்தேன் என்றார். பிறகு பெரியதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு என்னிடம் தமிழில் சொன்னார்: "வலி எனக்கு இருக்கட்டும் அம்மிணி. அதுக்கு வேண்டாம்."

அந்தக் கோடை முழுவதும் பயிற்சி. தீபாவளிக்கு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் பாட்லக் விருந்தில் மிஞ்சிய பேப்பர் தட்டுகளை ஆணியடித்து நிறுத்துவார். மானின் நெஞ்சு ஏறக்குறைய அந்த அகலம்தான் என்றார். எந்தத் தூரத்திலிருந்து ஒவ்வொரு தடவையும் தட்டில் படுகிறதோ அதுதான் அவருடைய எல்லை, அதற்கு ஓர் அடி தள்ளி நின்றாலும் சுடமாட்டார். இடத் தோள் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போகும். வீட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அண்ணன் பேசாமல் ஐஸை மாற்றிக்கொடுப்பார். நான் திட்டிக்கொண்டே இருப்பேன். இப்போது நினைத்தால், அவர் எங்களோடு மிகச் சந்தோஷமாக இருந்த மாதங்கள் அவைதான்.

நவம்பர் வருவதற்குள் நோய் திரும்பி வந்துவிட்டது. இந்த முறை எலும்பில். டாக்டர் ஏதேதோ பெயர் சொன்னார். அக்காவுக்கு அர்த்தம் எல்லாம் தெரியும். எங்களுக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது.

அப்படியும் போனோம். லிண்டா வண்டி ஓட்ட, நான் பின்னால் அக்காவுக்குத் தலையணை வைத்துப் பிடித்துக்கொண்டு போனேன். மான் வேட்டையையே வேறு யாரோ வீட்டுச் சமாசாரமாக நினைத்திருந்த நான், அந்தக் குளிரில் அக்கா பக்கத்தில் ஒரு மர மறைப்புக்குள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் தாண்டியதும் ஒரு பெண்மான் வந்தது. ஓக் மரத்தடியில் கொட்டை பொறுக்கித் தின்றது. அக்காவின் எல்லைக்குள்தான், நன்றாக உள்ளேதான் நின்றது. பக்கவாட்டில் நின்றது. எனக்கே தெரிந்தது, இதைவிட நல்ல சமயம் வராது என்று.

அக்கா துப்பாக்கியைத் தூக்கினார். குழாயின் நுனி ஆடியது. கீழே இறக்கி, மூச்சு வாங்கி, மறுபடி தூக்கினார். மறுபடியும் ஆடியது. சுடுங்க அக்கா, சுடுங்க என்று என் உள்ளம் கிடந்து அடித்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து ஈ எறும்புக்கு வழிவிடுகிறவள், ஓர் உயிர் சாக வேண்டும் என்று அன்றைக்கு எல்லாத் தெய்வத்தையும் வேண்டினேன். அக்கா துப்பாக்கியை மடியில் வைத்துவிட்டார். வளையத்தைத் தள்ளித் தள்ளித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். அந்தச் சத்தத்தில் மான் தலை தூக்கிப் பார்த்தது, போய்விட்டது. "என்ற கை இன்னைக்கு என்ற கை இல்ல" என்றார். துப்பாக்கியை லிண்டாவிடம் கொடுத்துவிட்டார்.

ஜனவரியில் என் கணவரின் வேலை எங்களை நியூ ஜெர்சிக்கு இழுத்துவந்துவிட்டது. மாசியில் அக்காவைப் பார்க்கப் போனேன். படுக்கையில் குழந்தை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தார். மருந்துக்கும் அடங்காத வலி. நர்ஸ் வந்து போனபின் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். குனிந்தேன்.

"அந்த மான் எத்தன நேரம் கெடந்திருக்கும் அம்மிணி?" என்று கேட்டார்.

எந்த மான் என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம்தான் இருக்கும் அக்கா, உடனே போயிருக்கும் என்றேன். பிறகு, நீங்கள் கடைசியாகத் துப்பாக்கியைத் தூக்கியது அதற்கல்லவே, சுடாமல் விட்டீர்களே, அதுதானே கணக்கு என்றேன். எவ்வளவு சாமர்த்தியமாகத் தேற்றுகிறோம் என்று எனக்கே ஒரு நினைப்பு. அக்கா இல்லை என்று தலையை ஆட்டினார். "அது வேற, இது வேற" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்பத்தான் தெரியுது" என்றார். அதற்குப்பின் அவர் என்னிடம் எதுவும் பேசவில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. இதை எழுதும்போதும் ஆறவில்லை. ஒரு மானுக்குக்கூட இது வரக் கூடாது என்று தன் தோளைக் கன்றவைத்துக்கொண்டவருக்கு, அதே வலி மாதக்கணக்கில் வந்து உட்கார்ந்தது. நான் போகிற கோயில்களில் இருக்கிறவர்கள் இதற்குப் பதில் வைத்திருந்தால் சொல்லட்டும். போனில் அண்ணனிடம் அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், கடைசியில் வலி இருந்ததா என்று. அவர், விடியும்போது முகம் தெளிந்துவிட்டது, புருவ நெரிப்பு விட்டுப்போய்விட்டது, லிண்டா வந்து நாடி பார்த்துக் கையைக் கீழே வைத்தார் என்றார்.

தெய்வானை அக்கா, கூட இரு போதும் என்றீர்கள். கடைசியில் கூட இல்லாமல் போனேன். இனி உங்களுக்கு எதுவும் வலிக்காது. போய் வாருங்கள்.