மாட்டுத்தோலும் மரவள்ளிப் பசையும்

என் கணவர் கடலுக்கு அக்கரையில், மாக் மண்டின் என்ற ஊரில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் தச்சர். வேலை முடிந்ததும் ஃபெர்ரி ஏறி ஜார்ஜ் டவுனுக்கு வந்து, குளித்துவிட்டு, நேரே இத்தாலிக்குப் போய்விடுவார். அந்த இத்தாலி எங்கள் சமையலறைக்குப் பின்னால் இருந்தது. பழைய புத்தகக் கடையில் கிடைத்த ஒரு படப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, முந்நூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலிக்காரர்கள் செய்த மாதிரியே ஒரு வயலின் செய்கிறேன் என்று எண்பதுகளின் நடுவில் உட்கார்ந்தவர், இரண்டு வருஷமாகியும் எழுந்திருக்கவில்லை. என் தம்பிமார் எத்தனை பேர் என்று கேட்டால் யோசிப்பார். செத்துப்போன இத்தாலிக்காரர்களின் பழக்கவழக்கமெல்லாம் அத்துப்படி.

எங்கள் பக்கத்தில் வயலின் சொல்லிக்கொடுத்தவர் ஒரு யாழ்ப்பாணத்து டீச்சர். சுத்த சைவம், சுத்தமான வாய் இல்லை. உள்ளூர் வயலினைப் பலகாரப் பெட்டி என்பார். அவரை எப்படியோ கெஞ்சி, தைப்பூசத்துக்கு முன்தினம் எங்கள் தண்ணீர்ப் பந்தல் பஜனையில் வாசித்துப் பார்க்கச் சம்மதிக்க வைத்திருந்தார் இவர்.

"டீச்சர் வேணாம்னு சொல்லிட்டா, இனிமே உளியத் தொடமாட்டேன்லா" என்றார். தோசையைப் பாதியில் வைத்துவிட்டுச் சொன்னதால் நிஜம்தான் என்று தெரிந்தது.

அந்த வருஷம் அவருக்குப் பால்குட விரதம். விரதம் தொடங்கியபோது வயலினில் மேல்பலகை மட்டும் ஒட்ட வேண்டியிருந்தது. ஒரு சட்டியும் கையுமாக அடுப்பங்கரைக்கு வந்தார். வச்சிரம் காய்ச்ச வேண்டுமாம். அது மாட்டுத்தோலிலிருந்து எடுக்கிற பசை.

"மாட்டுத்தோலா? விரத அடுப்புலயா?"

"அவங்க அப்படித்தான் செஞ்சாங்க."

"அவங்க பால்குடம் எடுத்தாங்களா?"

புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். வார்னிஷுக்கு முட்டை, தந்திக்கு ஆட்டுக்குடல், வில்லுக்குக் குதிரை முடி. இது வயலினா, பசார் கறிக்கடையா என்று கேட்டேன். தொழிற்சாலையின் வெள்ளைப் பசையைப் போடச் சொன்னால், அதைப் போட்டால் பிற்பாடு ரிப்பேருக்குத் திறக்க முடியாதாம். மேல்பலகைக்குத் திறக்கிற மாதிரி லேசான பசைதான் வேண்டுமாம்.

அங்கேதான் என் கர்வம் தலைதூக்கியது. தண்ணீர்ப் பந்தலின் வண்ணக் காகிதமெல்லாம் வருஷா வருஷம் என் மரவள்ளி மாவுப் பசையில்தான் நிற்கும். மழை பெய்தாலும் காகிதம் கிழியுமே தவிர பசை விடாது. "நான் காய்ச்சித் தரேன்" என்றேன். வழக்கமாகப் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடுவேன். விஷத்தை விரத அடுப்பில் வைப்பானேன் என்று அதை விட்டுவிட்டு, பிடிமானத்துக்கு ஒரு கரண்டி சீனி சேர்த்தேன். அவர் முருகனையும் இத்தாலிக்காரர்களையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு ஒட்டினார்.

பஜனையன்று பந்தலில் நல்ல கூட்டம், நல்ல புழுக்கம். டீச்சர் தரையில் உட்கார்ந்து, வயலினின் அடிப்பக்கத்தைத் தோளில் சாய்த்து வில்லை இழுத்தார். எனக்குச் சிலிர்த்துவிட்டது. இரண்டு வருஷம் சுரண்டல் சத்தம் மட்டும் கேட்ட பெட்டிக்குள்ளிருந்தா இது வருகிறது! இவர் தண்ணீர் அண்டாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கண்ணைத் துடைத்தார்.

மூன்றாவது பாட்டில் வயலினின் ஓட்டை வழியே ஓர் எறும்பு வெளியே வந்தது. பின்னாலேயே அதன் குடும்பம். வரிசையாக டீச்சரின் கையில் ஏறின. அந்த அம்மாள் முகத்தைச் சுளித்தார், தாளம் தப்பவில்லை. பாட்டு முடியவும், அவர் தோள் வியர்வையில் ஊறிப்போன மேல்பலகை 'டப்' என்று வாயைப் பிளக்கவும் சரியாக இருந்தது.

பந்தல் முழுக்கச் சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. பிளந்த இடத்தில் விரலை விட்டு, முகர்ந்து பார்த்தார்.

"தம்பி, இதை ஆர் ஒட்டினது?"

"நான்தான் டீச்சர்" என்றார் இவர், என் பக்கம் திரும்பாமலே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அவர் ஒட்டினாரு, பசை என்னோடது. மாட்டுத்தோல் வேணாம்னு நான்தான் தடுத்தேன்" என்றேன்.

"பிள்ளை, நாப்பது வருஷமா நான் தோளிலை வச்சிருக்கிற வயலினும் மாட்டுத்தோலிலைதான் நிக்குது. நான் என்ன, அதைச் சமைச்சா சாப்பிடுறன்?" என்றார். பிறகு இவரிடம், "ஒழுங்கா ஒட்டிக்கொண்டு வாரும். இனி இதை நான்தான் வாசிப்பன், ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்" என்றார்.

விரதம் முடிந்த மறுநாள் நானே வச்சிரச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். நாற்றம் தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். இவர் வாசலில் நின்றபடி, "நெருப்பக் கொறச்சு வை, கொதிக்கக் கூடாது. அவங்க அப்படித்தான்..." என்று ஆரம்பித்தார்.

"பசை காய்ச்ச எனக்கா சொல்லித் தர்றீங்க?" என்றேன்.