விக்னராஜா ஊதிய மூன்று காலை

மெல்பேர்ன் ரெயில்வேயில் வரைபடம் கீறும் வேலை பார்த்த விக்னராஜாவுக்கு நாற்பது வயதுவரை ஒரு குழந்தையைத் தூக்கிப் பழக்கமில்லை. ஆசை இல்லாமலா? மனுசன் தாய் வயிற்றில் இருக்கும்போதே தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரியில் இவருக்குத் 'தேப்பனைத் தின்னி' என்று பெயர். சொந்த அக்காவின் கலியாணத்தன்றே, சபைக்கு வராதே என்று குசினிக்குள் அடுப்படியில் இருத்திவிட்டார்கள். என்ன நியாயமோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்!

1976இல் ஒருநாள் பக்கத்து வீட்டு ஐரிஷ்காரி நோரா வேலியோரம் நின்று கண்ணைக் கசக்கினாள். கைக்குழந்தையின் வாயெல்லாம் வெள்ளைப் புண்; பால் குடிக்க முடியாமல் வீறிட்டது. டொக்டர் தந்த மருந்தைப் பூசியும் குறையவில்லை. ஆறுதல் சொல்லப் போன விக்னராஜா, தகப்பன் முகமே காணாத தானும் வளர்ந்து ஆளாகவில்லையா என்று உளறிவிட்டார்.

அவ்வளவுதான், நோராவின் முகம் மலர்ந்தது. அயர்லாந்தில் அவள் பிறந்த கிளேர் பக்கத்தில், தகப்பனைக் காணாதவர் வெறும் வயிற்றோடு மூன்று காலை வாய்க்குள் ஊதினால் இந்தப் புண் ஆறிவிடுமாம். அப்படியொருவரைத் தேடிப் பத்து மைல் நடப்பார்களாம். இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்துகொண்டு வாயைத் திறக்கவில்லையே என்று உரிமையோடு கோபித்தாள்.

விக்னராஜா வேலியைவிட்டு ஓரடி பின்வாங்கினார். தன் மூச்சுப் பட்டுப் பிள்ளைக்கு ஏதும் ஆகிவிட்டால்? ஊரில் தன்னை நல்ல காரியத்துக்கு அண்டவிடமாட்டார்கள் என்று ஒளிக்காமல் சொன்னார். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் போய் ஊதினார். மூன்றாம் காலை பிள்ளை பசியாறப் பால் குடித்தது. டொக்டரின் மருந்தோ இவரின் மூச்சோ, யார் கண்டது? நோரா இவர்தான் என்று தெருவெல்லாம் அடித்துச் சொன்னாள். பிறகென்ன, காலைகளில் வாசலில் பிள்ளைத் தள்ளுவண்டிகள். நன்றி சொன்னால் பலிக்காது என்பது நோராவின் ஊர் நம்பிக்கை. பேசாமல் ஒரு கேக்கை வைத்துவிட்டுப் போவார்கள். மனுசன் நன்றாகத் தடித்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை, வரிசையில் சாவகச்சேரி ஜெயரட்ணமும் மனைவி கமலினியும் பிள்ளையோடு நின்றார்கள். விக்னராஜாவின் முகம் கறுத்துப்போனது. ஊர்ச்சனம், எல்லாம் தெரிந்தவர்கள். நீட்டிய பிள்ளையை அவர் வாங்கவில்லை.

"என்னை ஊரில என்னண்டு சொல்லுறவை எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம் அண்ணை, தெரிஞ்சுதான் வந்தனாங்கள்" என்றாள் கமலினி. "பிள்ளையைப் பிடியுங்கோ."